சேலத்துல இருந்து மேக்னடிக் ரெசொனன்ஸ் ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கிற கேள்விகள்

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் டைம் வந்துட்டா கருப்பூர் பக்கமும் டவுன் காலேஜ்லயும் ஃபிசிக்ஸ் படிக்கிற தம்பி தங்கச்சிங்க எங்கிட்ட கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான். நான் சேலத்துக்காரி, மேக்னடிக் ரெசொனன்ஸ்ல ஒரு வகையான ஈ.பி.ஆர்.-ல ஆராய்ச்சி பண்றேன். தனித்தனியா பதில் சொல்றதுக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு, அதான் இது. நிறைய பேர் "நம்ம ஊர்ல மெஷின் இல்ல, அதனால இந்த ஃபீல்டு நமக்கு இல்ல"ன்னு முடிவே பண்ணிட்டு வர்றாங்க, அதுக்குத்தான் கீழ நிறைய எழுதியிருக்கேன்.

அக்கா, மேக்னடிக் ரெசொனன்ஸ்னா என்ன? பெரிய ஃபார்முலா எதுவும் இல்லாம சொல்லுங்க.

ப்ரோட்டான், எலக்ட்ரான், இன்னும் நிறைய அணுக்கருக்கள், இதுக்கெல்லாம் ஸ்பின்னு ஒரு குணம் இருக்கு, அதனால ஒவ்வொன்னும் ஒரு குட்டிக் காந்தம். வெளிக்காந்தத்துக்குள்ள வச்சா அது நேரா போய் நின்னுடாது, சாய்ஞ்ச பம்பரம் தலைய ஆட்டிக்கிட்டே சுத்துமே, அப்படி அந்தப் புலத்தைச் சுத்தி வரும். எவ்வளவு வேகமா சுத்தும்ங்கறது புலத்தோட பலத்தைப் பொறுத்தது. ப்ரோட்டானுக்கு 1 டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். சரியா அதே ஃப்ரீக்வன்சில ரேடியோ அலை குடுத்தா எனர்ஜிய வாங்கிக்கும், கொஞ்சம் தள்ளிக் குடுத்தாலும் கண்டுக்காது. அந்த "சரியா அதே"ங்கறதுதான் ரெசொனன்ஸ்.

இதுல என்ன லாபம்னா, அந்த அணுக்கரு பாக்குற புலம் நம்ம வச்ச காந்தத்தோட புலம் மட்டும் கிடையாது, பக்கத்துல இருக்குற எலக்ட்ரானும் பக்கத்து அணுக்களும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். அந்தக் கொஞ்சூண்டு வித்தியாசத்தை அளந்தா, அணு எங்க உக்காந்திருக்கு, யார் பக்கத்துல, ஆடுதா அசையாம இருக்கான்னு எல்லாம் தெரிஞ்சுரும். பொருளை உடைக்காம, கரைக்காம உள்ள நடக்குறதைக் கேக்குற வழி இது.

என்.எம்.ஆர்., ஈ.பி.ஆர்., எம்.ஆர்.ஐ. மூணும் ஒன்னா?

தத்துவம் ஒன்னு, கேக்குற ஆளு வேற. என்.எம்.ஆர். அணுக்கருவைக் கேக்குது. ஈ.பி.ஆர். (சில புக்ல ஈ.எஸ்.ஆர்.னு போட்டிருக்கும், ரெண்டும் ஒன்னுதான்) ஜோடி சேராத எலக்ட்ரானைக் கேக்குது. எம்.ஆர்.ஐ.ங்கறது என்.எம்.ஆர்.தான், கூடவே இடத்துக்கு இடம் மாறுற ஒரு புலத்தைச் சேர்த்து, எந்த சிக்னல் எங்க இருந்து வருதுன்னு படமா போடுறது.

எலக்ட்ரானோட காந்தத் திறன் ப்ரோட்டானை விட சுமார் 658 மடங்கு பெருசு. அதனால என்.எம்.ஆர்.-ல 9.4 டெஸ்லா காந்தம் வச்சு 400 மெகாஹெர்ட்ஸ்ல வேலை பண்றப்போ, ஈ.பி.ஆர்.-ல வெறும் 0.34 டெஸ்லா வச்சாலே 9.5 கிகாஹெர்ட்ஸ் வந்துடும், அது மைக்ரோவேவ். ஈ.பி.ஆர்.-க்கு சாதாரண எலக்ட்ரோமேக்னட் போதும், என்.எம்.ஆர்.-க்கு சூப்பர்கண்டக்டர் வேணும்னு ஆனதுக்கு இதுதான் காரணம்.

சிக்னல் ரொம்ப சின்னதுன்னு சொல்றாங்களே, எவ்வளவு சின்னது?

ஆஸ்பத்திரி ஸ்கேன் காந்தம் 1.5 டெஸ்லா. அதுக்குள்ள 10 லட்சம் ப்ரோட்டான் எடுத்துக்கிட்டா, புலத்தோட சேர்ந்து நிக்கிறதுக்கும் எதிர்த்து நிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 5 தான். மத்த எல்லாம் ஒன்னை ஒன்னு அடிச்சுக்கிட்டுப் போயிரும், அந்த 5 பேர் குடுக்குற சிக்னல்லதான் மூளை படம், முட்டி படம் எல்லாம் வருது. நம்ம ஒடம்புல தண்ணி அவ்வளவு இருக்குறதாலதான் இது நடக்குது. இந்தத் துறையில பாதி ஆராய்ச்சி இந்த எண்ணைக் கூட்டுறதுக்குத்தான்: பெரிய காந்தம், குளிர வைக்கிறது, எலக்ட்ரானோட பலத்தை ப்ரோட்டானுக்கு மாத்திவிடுறதுன்னு பல வழி.

ஸ்கேன்ல ரேடியேஷன் இருக்கா? வீட்ல அம்மா பயப்படுறாங்க.

எக்ஸ்ரே மாதிரி அயனாக்குற கதிர் இதுல கிடையாது. 1.5 டெஸ்லா மெஷின் உபயோகிக்கிறது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லா மெஷின்ல சுமார் 128. எஃப்.எம். ரேடியோ இருக்குறது இந்த ரெண்டுக்கும் நடுவுலதான், 88-ல இருந்து 108 வரைக்கும். தடதடன்னு சத்தம் வர்றது கதிரால இல்ல, இடத்துக்கு இடம் புலத்தை மாத்துற கிரேடியண்ட் காயில்ல கரண்ட் படக்குபடக்குன்னு மாறும்போது பெரிய காந்தம் அதைத் தள்ளுது, காயில் அதிருது. பேஸ்மேக்கர், மூளையில கிளிப், ஒடம்புக்குள்ள இரும்புத் துணுக்கு இருக்கறவங்க கண்டிப்பா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும். பட்டறை, லேத்துல வேலை பண்றவங்க கண்ணுல எப்பவாவது தூள் விழுந்திருந்தா அதையும் சொல்லணும், இதைப் பல பேர் மறந்துடுறாங்க.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு காந்தத்துல ஒட்டாதே, அதோட உள்ள போலாமா?

போகக்கூடாது. வெள்ளி ஒட்டாதுங்கறது சரிதான். ஆனா வெள்ளி நல்ல கண்டக்டர், கொலுசு ஒரு முழு வளையம் வேற, ரேடியோ அலை பட்டா அதுல கரண்ட் ஓடி சூடாகும், பக்கத்துல படமும் கெட்டுப்போகும். திருகாணில, கொக்கில வேற உலோகம் கலந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. கழட்டி வெளிய குடுத்துட்டுப் போங்க. எவர்சில்வர் கதையும் அப்படித்தான், 304 கிரேடு பெருசா ஒட்டாது, ஆனா வளைச்சு அடிச்சு பாத்திரமா ஆன எடத்துல லேசா ஒட்டும், 430 கிரேடு நல்லாவே ஒட்டும். "எவர்சில்வர்தானே"ன்னு எதையும் காந்த ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போகாதீங்க.

இதுல நம்ம நாட்டுக்காரங்க யாராவது இருக்காங்களா, இல்ல எல்லாம் வெளிநாட்டுக்காரங்கதானா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். வழக்கமா புக்ல வர்ற வரிசை இது: 1938-ல ரபி, மூலக்கூறு கற்றைல முதல்ல பாத்தது. 1944-ல கஸான்ல ஸவோய்ஸ்கி, ஈ.பி.ஆர். அடுத்து ஹார்வர்டுல பர்செல் குழுவும் ஸ்டான்ஃபோர்டுல ப்ளாக் குழுவும் தனித்தனியா திடப்பொருள்லயும் தண்ணிலயும் என்.எம்.ஆர். பாத்தாங்க, 1952-ல நோபல். 1950-ல ஹான், ஸ்பின் எக்கோ.

அதோட நிறுத்திடுவாங்க. 1951-ல எத்தனால்ல ப்ரோட்டான் மூணு தனித்தனி சிக்னலா, 1:2:3 அளவுல பிரிஞ்சு வந்த அந்தப் பிரபலமான ஸ்பெக்ட்ரம் (எந்த ஃப்ரீக்வன்சில எவ்வளவு சிக்னல்னு காட்டுற படம்) இருக்கே, கெமிஸ்ட்ரிக்காரங்க என்.எம்.ஆர். பக்கம் திரும்புனதே அதைப் பாத்துத்தான், அந்தப் பேப்பர்ல ஆர்னால்டு, பேக்கார்டு கூட இருக்குற இன்னொரு பேர் தர்மட்டி, அவர் பின்னாடி பம்பாய்ல டாடா ஆராய்ச்சி நிலையமான டி.ஐ.எஃப்.ஆர்.-ல என்.எம்.ஆர். வேலைய வளர்த்தவர். அதே 1951-ல பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துல, அதாவது ஐ.ஐ.எஸ்.சி.-ல, சூர்யன், ஓடுற திரவத்துல என்.எம்.ஆர். சிக்னல் எப்படி மாறுதுன்னு அளந்து வெளியிட்டார். ரத்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ.-ல பாக்குறாங்களே, அதோட மூலக் கருத்து அங்க இருக்கு.

1975-ல அனில் குமார், வெல்டி, எர்ன்ஸ்ட் மூணு பேரும் ஃபூரியே முறையில படம் எடுக்குறதைச் சொன்னாங்க. இன்னைக்கு ஸ்கேன் மெஷின்ல ஓடுறது அந்த வழியில வளர்ந்ததுதான். 1980-ல புரதத்துல எந்த ப்ரோட்டானுக்கு எது பக்கம்னு கண்டுபிடிக்கிற இரு பரிமாண முறை, அதுலயும் அனில் குமார் பேர்தான் முதல்ல, கூட எர்ன்ஸ்ட்டும் வூத்ரிச்சும். எர்ன்ஸ்ட்டுக்கு 1991-ல நோபல், வூத்ரிச்சுக்கு 2002-ல. அனில் குமார் ஐ.ஐ.எஸ்.சி.-ல பல வருஷம் மாணவர்களை உருவாக்கினவர். நம்ம பாடப்புத்தகத்துல இந்தப் பேருங்க வரணும்னு நான் உண்மையிலேயே நினைக்கிறேன், ஏன்னா சூர்யனும் அனில் குமாரும் இருந்தது சேலத்துல இருந்து ராத்திரி பஸ் ஏறுனா விடியறதுக்குள்ள போய் இறங்குற ஊர்லதான்.

நம்ம ஊர்ல மெஷின் இல்லாம எப்படி ஆராய்ச்சி பண்றது?

சாம்பிளை அனுப்பலாம், நேர்லயும் போகலாம். சென்னைல ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல இருக்குற எஸ்.ஏ.ஐ.எஃப்.ங்கற பொது வசதி மையம் வெளி காலேஜ் மாணவங்களுக்கும் என்.எம்.ஆர்., ஈ.பி.ஆர். எடுத்துத் தர்றதுக்காகவே ஆரம்பிச்சது. பெங்களூர்ல ஐ.ஐ.எஸ்.சி.-ல என்.எம்.ஆர். ஆராய்ச்சி மையம் 1977-ல இருந்தே இருக்கு. கட்டணம், ஃபார்ம், க்யூ எல்லாம் அவங்க சைட்டைப் பாத்துக்கோங்க, அடிக்கடி மாறும்.

மெஷின் பக்கத்துல இருக்குறவங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கு, தோணுனப்போ போய் ஓட்டிப் பாக்கலாம். நமக்கு அது இல்ல. அதனால அனுப்புறதுக்கு முன்னாடியே என்ன கேக்குறோம், எந்தப் பதில் வந்தா என்ன அர்த்தம்னு யோசிச்சு எழுதி வச்சிருக்கணும். "ஸ்பெக்ட்ரம் எடுத்துக் குடுங்க சார், வந்ததும் பாக்கலாம்"னு அனுப்புனா பணம்தான் போகும். கேள்வியோட அனுப்புற ஆளுக்கு ரெண்டே ஸ்பெக்ட்ரத்துல தீசிஸ்ல ஒரு சாப்டர் கிடைக்கும். நான் ஃபாரின் லேப்ல இருந்த நாள்லயும் பாத்தேன், பெரிய மெஷின் வச்சுக்கிட்டு கேள்வி இல்லாம ஓட்டிட்டு இருக்கறவங்க அங்கயும் உண்டு.

ப்ராஜெக்டுக்கு எந்தப் பொருள் எடுக்கலாம்? சீனால இருந்து கெமிக்கல் ஆர்டர் பண்ணணுமா?

வேணாம். நம்ம மாவட்டத்துல காலடியிலயே கிடக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்சதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். கருப்பூர் தாண்டி வெள்ளை வெளேர்னு தெரியுற மேடெல்லாம் அதுதான். சுத்தமான மெக்னீசியம் கார்பனேட்டுக்கு ஈ.பி.ஆர்.-ல சிக்னலே கிடையாது, ஏன்னா ஜோடி சேராத எலக்ட்ரான் இல்ல. ஆனா பூமிக்குள்ள விளைஞ்ச கல்லுல மெக்னீசியம் உக்கார வேண்டிய இடத்துல அங்கங்க மாங்கனீஸ் உக்காந்திருக்கும். அது பத்து லட்சத்துல சில பேரா இருந்தாக்கூட ஈ.பி.ஆர். பிடிச்சிரும். மாங்கனீஸ் அணுக்கருவோட ஸ்பின் 5/2, அதனால ஒரு கோடு ஆறா பிரியும். ஸ்பெக்ட்ரத்தைப் பாத்தீங்கன்னா ஆறு பெரிய கோடு வரிசையா நிக்கும், ஒன்னுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி சுமார் 90 காஸ் (காந்தப் புலத்தோட அலகு, பத்தாயிரம் காஸ் ஒரு டெஸ்லா), நடுநடுவுல ஜோடி ஜோடியா குட்டிக் கோடுங்க வேற எட்டிப் பாக்கும், அது தடை செய்யப்பட்ட டிரான்சிஷன், அதாவது சாதாரணமா நடக்கக்கூடாத தாவல், படிகத்தோட சமச்சீர் கொஞ்சம் கோணலா இருக்குறதால அனுமதி கிடைச்சு வருது.

இப்போ அதே கல்லை மஃபிள் ஃபர்னஸ்ல போட்டு 1000 டிகிரிகிட்ட சுடுங்க. கார்பன் டை ஆக்சைடு போய் மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும், ஃபர்னஸ் செங்கல்லுக்கு சூளைல சுடுறாங்களே அதே வேலை. மறுபடி ஈ.பி.ஆர். எடுத்தா ஆறு கோடும் ஒல்லியா, கூர்மையா மாறியிருக்கும், இடைவெளி சுமார் 87 காஸ். காரணம், ஆக்சைடு க்யூபிக் படிகம், மாங்கனீஸைச் சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கு, கோடு அகலமாக வேண்டிய அவசியம் இல்ல. மெக்னீசியம் ஆக்சைடுல மாங்கனீஸ்ங்கற இந்தப் பொருளைத்தான் உலகம் முழுக்க ஈ.பி.ஆர். லேப்ல புலத்தைச் சரிபாக்குற மார்க்கரா வச்சிருக்காங்க! 500 டிகிரி, 600, 700னு படிப்படியா சுட்டு, எந்த இடத்துல பழைய ஆறு கோடு போய் புது ஆறு கோடு வருதுன்னு பாத்தாலே அழகான ப்ராஜெக்ட். சுரங்கம் லீஸ்ல இருக்குற இடம், அனுமதி கேக்காம உள்ள போய்ப் பொறுக்காதீங்க.

ஏற்காட்டுக் காபியை வச்சு ஏதாவது?

தாராளமா, ரெண்டு வழியில பண்ணலாம். காபிக்கொட்டைய வறுத்தா ஃப்ரீ ரேடிக்கல் உருவாகும், ஈ.பி.ஆர்.-ல ஜி மதிப்பு (கோடு எந்த இடத்துல வருதுன்னு சொல்ற எண்) 2.004 பக்கத்துல ஒத்தைக் கோடா பளிச்னு வரும். வறுக்க வறுக்க அது ஏறும். பச்சைக் கொட்டையில மாங்கனீஸோட ஆறு கோடும் இரும்பு சிக்னலும் தெரியும். எந்தச் சூட்டுல எவ்வளவு நேரம் வறுத்தா எவ்வளவு ரேடிக்கல், காத்துப் பட வச்சா எப்படி மாறுதுன்னு அளக்கலாம்.

ரெண்டாவது என்.எம்.ஆர். ஏற்காட்டுல மேல விளையுறது அராபிகா, விலை கூட. ரோபஸ்டாவைக் கலந்துட்டு அராபிகான்னு வித்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரோபஸ்டாவுல 16-ஓ-மெத்தில்கஃபெஸ்டால்னு ஒரு பொருள் இருக்கு, அராபிகாவுல அது பேருக்குத்தான் இருக்கும். கொட்டையோட எண்ணெய்ப் பகுதியைக் கரைச்சு எடுத்து ப்ரோட்டான் என்.எம்.ஆர். போட்டா 3.16 பி.பி.எம். (என்.எம்.ஆர்.-ல கோடு வர்ற இடத்தைச் சொல்ற அளவு) கிட்ட அதுக்குன்னு ஒரு தனிக் கோடு வரும், வறுத்தாலும் அது அழியாது. தோட்டக்காரங்களுக்கு நேரடியா உபயோகமான வேலை இது. சிக்கரி கலந்த பொடிய எடுத்துராதீங்க, முதல் தடவை தனிக் கொட்டையோட ஆரம்பிங்க.

ஜவ்வரிசி?

குச்சிக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி ரெண்டுக்கும் சின்ன காந்தம் போதும், 0.47 டெஸ்லா, 20 மெகாஹெர்ட்ஸ், மேஜை மேல வைக்கிற மெஷின். இதுல ஸ்பெக்ட்ரம் பாக்குறதில்ல, சிக்னல் எவ்வளவு நேரத்துல அடங்குதுன்னு பாக்குறது. சும்மா இருக்குற தண்ணில அது அடங்க ரெண்டு மூணு செகண்ட் ஆகும், ஸ்டார்ச்சுல ஒட்டிக்கிட்ட தண்ணில மில்லிசெகண்ட்ல அடங்கிரும். காய வைக்கிறப்போ எவ்வளவு தண்ணி ஒட்டியிருக்கு, எவ்வளவு சும்மா இருக்குன்னு பிரிச்சுச் சொல்லலாம். களத்துல கைல நசுக்கிப் பாத்து பதம் சொல்றவங்களோட அனுபவத்தையும் இந்த நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒருத்தர் பாத்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

சேர்வராயன் மலை பாக்சைட்?

அலுமினியம்-27 நல்ல அணுக்கரு, இயற்கைல 100 சதவீதமும் அதுதான். ஆக்சிஜன் ஆறு சுத்தி இருக்கா, அஞ்சா, நாலான்னு தனித்தனி இடத்துல கோடு வரும். ஆனா நம்ம பாக்சைட் செவப்பா இருக்கே, அந்த இரும்பு கோட்டை அகலமாக்கிக் கெடுத்துரும். ஆசிட்ல இரும்பை எடுத்துட்டுப் பண்ணணும், முதல் ப்ராஜெக்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பொடியா இருக்குற எதுக்கும் திடநிலை என்.எம்.ஆர். எடுக்கும்போது சாம்பிளை காந்தத்துக்கு 54.7 டிகிரி சாய்ச்சு, செகண்டுக்குப் பத்தாயிரம் சுத்துக்கும் மேல சுத்த விடுவாங்க. அந்தக் கோணத்துலதான் கோட்டை அகலமாக்குற பகுதி சராசரியா பூஜ்யம் ஆகும். கோணத்தை மனப்பாடம் பண்ண வேணாம், 3 கொசைன் ஸ்கொயர் தீட்டா மைனஸ் 1-ஐ பூஜ்யம்னு போட்டுப் பாருங்க, வந்துரும்.

சாம்பிள் எப்படி ரெடி பண்றது?

பொறுமையா படிங்க, பாதி ப்ராஜெக்ட் இங்கதான் வீணாகுது.

ஈ.பி.ஆர்.-க்கு கல்லை இரும்பு உரல்லயோ அம்மிலயோ அரைக்காதீங்க, அகேட் கல்வத்துலதான் அரைக்கணும். இரும்பு உரல் குடுக்குற துகள் உங்க கல்லோட சிக்னலை விடப் பெருசா, மலை மாதிரி அகலமா வந்து உக்காந்துக்கும், அப்புறம் "சேலம் மேக்னசைட்ல இரும்பு அதிகம்"னு தப்பா எழுதிருவீங்க. ட்யூப் குவார்ட்ஸா இருக்கணும். சாதாரணக் கண்ணாடியில இரும்பு இருக்கும், ஜி மதிப்பு 4.3-ல ஒரு கோடு குடுக்கும், நிறைய பேர் அதைத் தன் சாம்பிளோடதுன்னு நினைச்சிருக்காங்க. முடிஞ்சா காலி ட்யூபையும் ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்க. ஈரம் இருக்கக்கூடாது, தண்ணி மைக்ரோவேவை உறிஞ்சிரும்.

என்.எம்.ஆர்.-க்கு 5 மில்லிமீட்டர் ட்யூப், ப்ரோட்டானுக்கு 5-ல இருந்து 10 மில்லிகிராம் போதும், ட்யூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) போட்ட சால்வென்ட். சால்வென்ட்டோட மிச்ச கோடு எங்க வரும்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க: க்ளோரோஃபார்ம் 7.26, டி.எம்.எஸ்.ஓ. 2.50, கனநீர் 4.79 பி.பி.எம். கரையாத தூள் மிதக்குற சாம்பிளை அனுப்பாதீங்க, வடிகட்டிட்டு அனுப்புங்க. லேபிள்ல பேனா மை அழியும், பென்சில்ல எழுதி மேல டேப் ஒட்டுங்க.

ஹீலியம் தீர்ந்துடுச்சுன்னா என்ன ஆகும்?

என்.எம்.ஆர். காந்தம் நியோபியம்-டைட்டானியம் கம்பி சுத்துனது, 4.2 கெல்வின்ல, அதாவது மைனஸ் 269 டிகிரில திரவ ஹீலியத்துல முங்கி இருக்கணும், அப்போதான் எதிர்ப்பு இல்லாம கரண்ட் வருஷக்கணக்கா சுத்தும். வெளிப்பக்கம் திரவ நைட்ரஜன். அளவு குறைஞ்சு கம்பி ஒரு இடத்துல சூடானாலும் மொத்த எனர்ஜியும் வெப்பமா மாறி ஹீலியம் ஒரேயடியா ஆவியாகும், அதுக்குப் பேர் க்வென்ச். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கும் மேல வாயுவாகும், ரூம்ல ஆக்சிஜனைத் தள்ளிரும், அப்போ உடனே வெளிய ஓடணும். நம்ம நாட்டுக்கு ஹீலியம் வெளிய இருந்துதான் வருது, விலையும் ஏறுது. அதனாலதான் மேஜை மேல வைக்கிற நிரந்தரக் காந்த மெஷினுங்க மேல எனக்கு இவ்வளவு ஆசை, சேலம் மாதிரி ஊர் காலேஜுக்கு அதுதான் பொருந்தும்.

கஞ்சமலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கஞ்சமலைல மேக்னடைட் இரும்புத்தாது இருக்கு, அது பூமியோட காந்தப் புலத்தை அங்க மாத்தும். அந்த மாத்தத்தை அளக்க புவியியல்காரங்க தோள்ல மாட்டிக்கிட்டுப் போற ப்ரோட்டான் மேக்னடோமீட்டர் சுத்தமான என்.எம்.ஆர். கருவி. ஒரு பாட்டில்ல மண்ணெண்ணெய் மாதிரி ஹைட்ரஜன் நிறைய இருக்குற திரவம், சுத்தி காயில். கரண்ட் விட்டு ப்ரோட்டானை ஒரு பக்கமா திருப்பிட்டு, டக்குனு நிறுத்துனா அது பூமியோட புலத்தைச் சுத்த ஆரம்பிக்கும். வர்ற ஹெர்ட்ஸை 23.487 ஆல பெருக்குனா புலம் நானோடெஸ்லாவுல வந்துடும், அவ்வளவுதான் கணக்கு. தாது ரொம்பப் பக்கத்துல இருந்தா பாட்டிலோட ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்குமே புலம் மாறி சிக்னல் சட்டுனு செத்துரும், அதனால சென்சாரை கம்பு மேல உயர்த்திப் பிடிப்பாங்க.

படிச்சா வேலை கிடைக்குமா? அப்பாவுக்குப் பதில் சொல்லணும்.

மருந்து கம்பெனிங்க இருக்குற பெங்களூர், ஹைதராபாத்ல என்.எம்.ஆர். அனலிஸ்ட் வேலை இருக்கு, மெஷின் சர்வீஸ், எம்.ஆர்.ஐ. அப்ளிகேஷன், ஆராய்ச்சி மையத்துல டெக்னிக்கல் ஆபீசர்னு வழி இருக்கு. பிஎச்.டி.க்கு கேட், நெட், ஜெஸ்ட் எழுதுங்க. அப்பாகிட்ட இதையும் சொல்லுங்க, ஃபூரியே, எலக்ட்ரானிக்ஸ், ப்ரோக்ராமிங் மூணும் கைல வந்துடும், அது வேற எடத்துலயும் சோறு போடும். ஸ்பெக்ட்ரத்தை அலசுறதுக்கு பைத்தான்ல என்.எம்.ஆர்.க்ளூ இலவசம், ஈ.பி.ஆர்.-க்கு ஈஸிஸ்பின் இலவசம் ஆனா மேட்லேப் வேணும்.

வீட்லயே என்.எம்.ஆர். பண்ண முடியுமா?

முடியும், பூமியோட காந்தத்தை வச்சே. சேலத்துல அது சுமார் 40 மைக்ரோடெஸ்லா, ப்ரோட்டான் சுமார் 1.7 கிலோஹெர்ட்ஸ்ல சுத்தும். அது காதுக்குக் கேக்குற ஃப்ரீக்வன்சி, ஸ்பீக்கர்ல போட்டா விசில் மாதிரி கேக்கும்!

அரை லிட்டர் தண்ணி பாட்டில், அதைச் சுத்தி மோட்டார் வைண்டிங் கடைல கிடைக்கிற எனாமல் செப்புக் கம்பி பல நூறு சுத்து. 12 வோல்ட் பேட்டரில சில ஆம்பியர் கரண்ட்டை 5-ல இருந்து 10 செகண்ட் விடணும், தண்ணி ப்ரோட்டான் திரும்புறதுக்கு அவ்வளவு நேரம் வேணும். அப்புறம் கரண்ட்டைச் சட்டுனு வெட்டணும், மெதுவா குறைஞ்சா ப்ரோட்டானும் கூடவே மெதுவா திரும்பி பூமியோட புலத்துல படுத்துரும், சிக்னல் வராது. வெட்டுறப்போ காயில் பெரிய வோல்டேஜ் அடிக்கும், அதைத் தாங்குற ஸ்விட்ச்சிங் சர்க்யூட் வேணும், எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட வச்சுக்கோங்க. அப்புறம் அதே காயிலை ஒரு கெபாசிட்டரோட ட்யூன் பண்ணி ஆம்ப்ளிஃபையர் வழியா லேப்டாப் மைக் இன்புட்டுக்கு. காயில் 100 மில்லிஹென்றின்னா கெபாசிட்டர் சுமார் 0.085 மைக்ரோஃபாரட்.

காயிலை எந்தப் பக்கம் வைக்கிறதுங்கறதுல நம்ம ஊருக்கு ஒரு சௌகரியம். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டோட தென்கோடி பக்கமா போறதால, இங்க பூமியோட புலம் கிட்டத்தட்ட தரையோட படுத்து வடக்கு பாத்து இருக்கு. காயில் அச்சை கிழக்கு மேற்கா வச்சா போதும், வட நாடுங்கள்ல மாதிரி சாய்வுக் கணக்கு பெருசா பாக்க வேணாம்.

எல்லாம் பண்ணியும் சிக்னலே வரல, ஒரே இரைச்சல்.

கரண்ட் கம்பிதான் காரணமா இருக்கும். 50 ஹெர்ட்ஸோட 34-வது மடங்கு சரியா 1700, 35-வது மடங்கு 1750, உங்க சிக்னல் அதுக்கு நடுவுல எங்கயோ 1720, 1730-னு மாட்டிக்கிட்டு இருக்கும். டவுன்ல வீட்டுக்குள்ள பண்ணவே பண்ணாதீங்க, கான்க்ரீட்டுக்குள்ள கம்பி, பீரோ, கட்டில் எல்லாம் புலத்தைக் கெடுக்கும். ஏற்காட்டுல ஏரிப் பக்கம் டூரிஸ்ட் கூட்டத்தை விட்டுட்டு, மின்கம்பம் இல்லாத காபித் தோட்டத்துக்குள்ள தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க, பைக்கைக் குறைஞ்சது 20 மீட்டர் தள்ளி நிறுத்துங்க, லேப்டாப்பை சார்ஜர்ல போடாம பேட்டரில ஓட்டுங்க. பாறை மேல வைக்காம மர ஸ்டூல் மேல வைங்க. தண்ணி பாட்டிலை எடுத்துட்டு ஒரு தடவை, வச்சுட்டு ஒரு தடவை ரெக்கார்டு பண்ணுங்க, ரெண்டுலயும் இருக்குற கோடு இரைச்சல், பாட்டில் இருக்கும்போது மட்டும் வந்து ரெண்டு மூணு செகண்ட்ல அடங்குற கோடு ப்ரோட்டான்.